ராசாத்தி அக்காவின் குரலும் என் முதல் சம்பளமும்

விதானையாரின் பேனை "தொழில்" என்ற இடத்துக்கு வந்து நின்றுவிட்டது.

அதுவரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், எவ்வளவு காலமாக இந்த ஊரில் இருக்கிறேன், எல்லாவற்றையும் என்னைக் கேட்காமலே எழுதினார். வாசல் பலகையில் கிராம அலுவலர் என்று இருக்கும். ஊர் வாயில் அவர் விதானையார்தான். அலுவலகத்தின் தகரக் கூரைக்கு மேலே குரங்குகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. அவர் கதிரையில் இருந்தபடியே தரை கூட்டும் தும்புத்தடியை எடுத்துக் கூரையில் இரண்டு இடி இடித்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, தொழில் என்ன எண்டு போட?"

"எழுத்தாளர் எண்டு போடுங்கோ, சேர்."

"உது தொழிலோ?"

"ஓம் சேர். வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பத்திரிகையளுக்கு எழுதப் போறன். காசு தருவினம்."

"தந்திட்டினமோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப இன்னும் தொழில் இல்லை." பேனை திரும்பவும் ஓடத் தொடங்கியது. "கையில காசு வரட்டும், வாங்கோ, மாத்தி விடுறன். இதில என்ன கிடக்கு?"

தொழில்: இல்லை. நற்சான்றிதழிலும் எழுதினார், தன் பெரிய பதிவேட்டில் முன்பே இருந்த "இல்லை"யையும் அப்படியே விட்டார். முத்திரையும் குத்தினார். எனக்கு அழுகை வந்தது. குரங்குகளின் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கேக் கடையான வகுப்பறை

சென்ற கிழமை இந்தப் பத்திரிகையில் நான் சைக்கிள் பழகிய கதை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கடைசிவரை சொல்லவில்லையே" என்று கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்தக் கிழமைக் கதை.

நெளுக்குளத்தில் ஒரு தனியார் நிலையத்தில் ஒன்பது வருடம் கணினி படிப்பித்தேன். பிறகு பிள்ளைகள் எல்லாம் தொட்டிலிலேயே ஃபோனைத் தட்டிப் பழகிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். என்னிடம் வந்து மவுசைப் பிடிப்பது எப்படி என்று கேட்க ஆளில்லை. நிலையத்தின் சொந்தக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு அதைக் கேக் கடை ஆக்கிவிட்டார். நான் நின்று படிப்பித்த வெண்பலகையில் இப்போது "முட்டையில்லாத கேக்கும் உண்டு" என்று எழுதியிருக்கிறது. கேக் நல்லாயிருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு நெடுங்கேணிக்கு உள்ளே இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தேன். நற்சான்றிதழுக்குப் போவதற்கு எவ்வளவோ முன்பு, வந்த கிழமையே, விதானையார் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே முதல் "இல்லை"யைப் போட்டுவிட்டார். அங்கேதான் "தொழில் இல்லை" என்பதன் முழு அர்த்தமும் விளங்கியது.

ஒரு பதிவேட்டில் உங்களுக்குத் தொழில் இல்லை என்று இருந்தால், ஊருக்கு வரும் எந்தப் பயிற்சிக்கும் முதல் பெயர் உங்களுடையதுதான். சவர்க்காரம் செய்யும் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். காளான் வளர்க்கக் கூப்பிட்டார்கள். தென்னந்தும்பில் கால்மிதி பின்னக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் போனேன். என் சவர்க்காரம் நுரைக்கவில்லை, என் காளான் முளைக்கவில்லை. கோழிக்குஞ்சு பத்துத் தந்தார்கள், பத்தும் சேவலாக வளர்ந்து என்னையே துரத்தின.

ஒன்பது வருடம் ரீச்சர், ரீச்சர் என்று கூப்பிட்ட வாய்கள் எல்லாம், "பிள்ளை இப்ப சும்மாதானே இருக்கிறாய்?" என்று கேட்கத் தொடங்கின. அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. அந்த ஒரு சொல்லைப் பதிவேட்டிலிருந்து அழித்தே தீருவது என்று சேவல்கள் மேல் சத்தியம் செய்தேன்.

காசு தரும் இடம் தேடி

எனக்குத் தெரிந்தது இரண்டு: கணினி, கொஞ்சம் ஆங்கிலம். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில், தொழில்நுட்பம் பற்றி எழுதினால் காசு தரும் பத்திரிகைகள் இருக்கின்றன என்று இணையம் சொன்னது. இருக்கின்றன என்று சொன்னதே தவிர, எங்கே என்று நேராகச் சொல்லவில்லை.

முதலில் கிடைத்த இடம், கட்டுரை போட நான் காசு தர வேண்டும் என்றது. கடைக்காரனே எழும்பி வந்து என் பையைத் தடவுவதா? மூடிவிட்டேன். அடுத்தது, காசு இல்லை, ஆனால் உங்கள் பெயர் உலகம் முழுக்கத் தெரியும் என்றது. என் பெயர் உலகத்துக்குத் தெரிந்து என்ன, விதானையாருக்கல்லவா தெரிய வேண்டும்? மூன்றாவது, தாங்களே உண்டாக்கிய ஏதோ ஒரு டிஜிட்டல் நாணயத்தில் தருவோம் என்றது. அதைக் கொண்டு நெடுங்கேணிச் சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்க முடியுமா என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

பிறகுதான் புத்தி வந்தது. நல்ல பத்திரிகைகளில், எங்கோ அடியில், எழுத விரும்புகிறவர்களுக்கு என்று ஒரு பக்கம் ஒளிந்திருக்கும். என்ன வேண்டும், என்ன வேண்டாம், எவ்வளவு தருவார்கள் என்று அதிலேயே போட்டிருப்பார்கள். அம்மாவின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, அப்படித் தொகை போட்டிருக்கும் பத்திரிகைகளை மட்டும் எழுதி வைத்தேன். பதினொன்று தேறியது.

தடுப்பூசி அட்டையும் சேர்த்து

இப்போது நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் பக்கத்தில் எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் என்ன செய்வோம்? பிறப்புச் சான்றிதழ் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, படிப்புச் சான்றிதழ்கள், விதானையாரின் நற்சான்றிதழ், எல்லாவற்றையும் கோர்த்து ஒரு உறையில் வைப்போம். நானும் அதையே செய்தேன். அதற்காகத்தான் அன்றைக்கு விதானையாரிடம் போனதே. எல்லாவற்றையும் படம் பிடித்து, ஒரு பாதுகாப்புக்காகத் தடுப்பூசி அட்டையையும் சேர்த்து, பதினொரு பத்திரிகைக்கும் அனுப்பினேன். கடிதம் "பெருமதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி" என்று தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று முடிந்தது. நடுவில் என்ன எழுதப் போகிறேன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பத்துப் பேர் பதில் போடவில்லை. பதினோராவது பத்திரிகையின் ஆசிரியர் மார்த்தா என்ற பெண்மணி. அவர் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "உங்கள் நன்னடத்தை பற்றி அறிந்து மகிழ்ச்சி. தடுப்பூசிகள் எல்லாம் போட்டிருக்கிறீர்கள், அதுவும் நல்லது. உங்களுக்குத் தொழில் இல்லை என்று ஓர் அரச முத்திரை சொல்கிறது. எதைப் பற்றி எழுத விரும்புகிறீர்கள்?"

வெட்கத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மனுசி கேள்வி கேட்டிருக்கிறாவே! கேள்வி கேட்டால் கதவு முழுதாகச் சாத்தவில்லை என்றுதானே அர்த்தம்?

செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம் என்று எழுதி அனுப்பினேன். "அது எங்கள் மேசையிலிருந்தே எழுதலாம். உங்கள் வாசலில் நின்றால் மட்டும் தெரிவது எது?" என்று பதில் வந்தது.

வாசலுக்குப் போய் நின்று பார்த்தேன். முதலில் சேவல்கள் தெரிந்தன. பிறகு, இரண்டு வளவு தள்ளி, கச்சான் தோட்டத்திலிருந்து ராசாத்தி அக்காவின் குரல் கேட்டது. அக்கா அந்த நேரம் எங்கள் குசினியில் அம்மாவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா.

குரங்கு ஓடிய விதம்

ராசாத்தி அக்காவின் புருசன் செல்வம் அண்ணை. உழவு இயந்திரம், நீர்ப்பம்பி, தையல் மெசின், எது பழுதானாலும் ஊர் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடும். அவர்களுடைய கச்சானை, நிலக்கடலையைத்தான் சொல்கிறேன், குரங்குகள் கிண்டித் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அண்ணை ஒரு வேலை செய்தார். உடைந்த ஃபோன் ஒன்று, பழைய லவுட்ஸ்பீக்கர் ஒன்று, உழவு இயந்திரப் பற்றரி ஒன்று, ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்கிலிருந்து கழற்றிய சின்னக் கண் ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பாலை மரத்தில் கட்டினார். குரங்கு வந்தால் சத்தம் போடும்.

முதலில் பாட்டுப் போட்டார். குரங்குகள் வரிசையாக இருந்து கேட்டன. புலி உறுமலைப் போட்டார். ஒரு குரங்கு ஸ்பீக்கருக்குள் தலையை விட்டுப் பார்த்தது. வெடிச் சத்தம் போட்டார். இந்த ஊர்க் குரங்குக்கு வெடிச் சத்தம் புதிதா?

ஒருநாள் புதிதாக எதையோ பதிவு செய்ய ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அக்கா பின்னால் வந்தா. அண்ணை அன்று காலைதான் யாரோ ஒருவரின் நீர்ப்பம்பியை இலவசமாகத் திருத்திக் கொடுத்திருந்தார். பதிவானது இது:

"இஞ்சாருங்கோ! ஊருக்கெல்லாம் சும்மா திருத்திக் குடுத்துக்கொண்டு திரியுங்கோ! கேட்டா, 'காசு என்னத்துக்கு, காசு என்னத்துக்கு' எண்டு ஒரு இளிப்பு! என்ர அடுப்பு சும்மா எரியுமோ? வாயைத் திறந்து கேக்கத் தெரியாதோ?"

தவறுதலாக அது ஸ்பீக்கரில் போய்விட்டது. குரங்குகள் கச்சானைப் போட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் பறந்தன. செல்வம் அண்ணையும் அவைகளோடு கொஞ்சத் தூரம் ஓடினார். திரும்பி வந்து, இனி அதையே போடுவது என்று வைத்துவிட்டார். எங்கள் வன்னிப் பகுதியில் 'ங்கோ' போட்டு மரியாதையாகத் துரத்தப்பட்ட குரங்குகள் இவைதான்.

ஒருநாள் விதானையார் அந்த வேலியோரமாக மோட்டார் சைக்கிளில் போக, அந்தக் கண் அவரையும் குரங்கென்று எண்ணிக்கொண்டது. மனிதர் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். எழும்பி வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "செல்வம், எங்கட கந்தோர்க் குரங்குகளுக்கும் ஒண்டு பூட்டி விடுமன்."

இதை மார்த்தாவுக்கு ஐந்து வரியில் எழுதினேன். இந்தத் தரம் தடுப்பூசி அட்டை வைக்கவில்லை. அடுத்த நாளே பதில்: "உடனே எழுதுங்கள். ஒலிப்பதிவும் வேண்டும். உங்கள் கட்டணம் என்ன?"

தேத்தண்ணி மரியாதை

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்பார்கள். "ஐயோ, வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்போம். குடித்திருக்கமாட்டோம். அவர்களுக்கும் அது தெரியும். கேட்கும்போதே அடுப்பில் தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும். முதல் தரம் மறுப்பது வந்தவரின் மரியாதை, திரும்பக் கேட்பது வீட்டுக்காரரின் மரியாதை. எப்படியும் தேத்தண்ணி வரும், நாங்களும் குடிப்போம்.

எங்கள் சித்தப்பா வெளிநாடு போன புதிதில் முதலாளி வீட்டு விருந்துக்குப் போனார். கோழிப் பொரியலை நீட்டி, வேண்டுமா என்று கேட்டார்கள். மரியாதைக்கு வேண்டாம் என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போயே விட்டார்கள்! பசியோடு வீட்டுக்கு வந்து படுத்தாராம். "அந்தக் கோழிக்கால் என்னைப் பாத்துக்கொண்டே போச்சு" என்று இன்றைக்கும் சொல்லுவார். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் நான். சிரித்த வாயோடு மார்த்தாவுக்கு என்ன எழுதினேன் தெரியுமா?

"காசு முக்கியமில்லை. நீங்கள் பார்த்து எது தந்தாலும் சந்தோசம். தராவிட்டாலும் குறையில்லை."

கொப்பியில் தொகை எழுதி வைத்தவள் எழுதிய பதில் இது! கை தானாக எழுதியது. வளர்த்த வளர்ப்பு அப்படி.

மார்த்தாவின் பதில் மிகவும் அன்பாக இருந்தது. "உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. அப்படியானால் கட்டணமின்றியே வெளியிடுகிறோம்."

கோழிக்கால் போய்விட்டது.

ரெண்டாந்தரம்

ஃபோனைத் தூக்கிக்கொண்டு ராசாத்தி அக்காவிடம் ஓடினேன். அக்கா கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தா. அழுது அழுது விசயத்தைச் சொன்னேன்.

"எடி விசரி! நீ படிச்சனிதானே? கேட்டவளுக்குக் காசைச் சொல்லாமல், தராட்டிலும் குறையில்லையெண்டு எழுதினியோ?"

"மரியாதைக்குத்தான் அக்கா..."

"என்ர மனுசனுக்குத் தங்கச்சியா வந்து பிறந்திருக்கிறாய்!"

செல்வம் அண்ணை பாலை மரத்துக்குப் பின்னால் நின்றார். தன் பெயர் அடிபடுகிறது என்று தெரிந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"விதானையார் திரும்பவும் இல்லையெண்டு எழுதுவார், அக்கா. நான் திரும்பவும் காளான் வளர்க்க வேணும்" என்று விக்கினேன். அக்காவின் முகம் இளகிவிட்டது. மண் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினா.

"அவள் பாவம், அவளுக்கு எங்கட முறை தெரியாது. நீ சொல்லிக் குடு. நான் சொல்லச் சொல்ல எழுது. 'அம்மா, எங்கட ஊரில முதல் தரம் வேண்டாம் எண்டுறது எங்கட மரியாதை. ரெண்டாந்தரம் கேக்கிறது உங்கட மரியாதை. நீங்கள் இன்னும் ரெண்டாந்தரம் கேக்கேல்லை.' எழுதிட்டியோ? அனுப்பு."

"அக்கா, அவ கோவிச்சா என்ன செய்யிறது?"

"கோவிச்சா என்னட்டக் குடு, நான் கதைக்கிறன்."

அனுப்பினேன். நாலு நாள் பதிலில்லை. நாலு நாளும் நான் சேவல்களோடு மட்டும்தான் கதைத்தேன். ஐந்தாம் நாள் பின்னேரம் வந்தது.

"என்னை மன்னியுங்கள். நான் நல்ல வீட்டுக்காரியாக நடந்துகொள்ளவில்லை. இரண்டாம் தரம் கேட்கிறேன்: உங்கள் கட்டணம் என்ன?"

கொப்பியைத் திறந்தேன். அவர்களுடைய பக்கத்தில் குறைந்த தொகை ஒன்றும் கூடிய தொகை ஒன்றும் போட்டிருந்ததை எழுதி வைத்திருந்தேன். குறைந்ததைத்தான் எழுதப் போனேன். அக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஏன், மற்றது ஆருக்கு எண்டு வைச்சிருக்கினம்?" என்று கேட்டா. கூடியதையே எழுதினேன். மார்த்தா ஒரே சொல்லில் சரி என்றா. தொகை எவ்வளவு என்று இங்கே சொல்லமாட்டேன், அம்மா இந்தப் பத்திரிகையை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவ.

கட்டுரை வந்தது. குரங்கு ஓடும் படம், பாலை மரம், என் பெயர், கீழே "குரல்: ராசாத்தி". அக்காவுக்குப் பங்கு தரப் போனபோது வேண்டாம் என்றா. திரும்பக் கேட்டேன், வேண்டாம். மூன்றாம் தரம் கேட்டேன். "நீ இவ்வளவு சொல்லுறபடியால்" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டா.

மறுபடியும் அந்தப் பேனை

காசு வந்ததற்கு வவுனியா வங்கியில் தந்த துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே விதானையாரிடம் போனேன். அதே கதிரை, அதே பதிவேடு. தும்புத்தடி மட்டும் மூலையில் ஓய்வெடுத்தது. யன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் செல்வம் அண்ணை பூட்டிய ஸ்பீக்கர் தொங்கியது.

துண்டை இரண்டு தரம் வாசித்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"ஒருக்கா வந்திருக்குத்தான். ஒருக்கா வாறது அதிர்ஷ்டம், தங்கச்சி. தொழில் எண்டா திருப்பியும் வரவேணும்."

 மார்த்தாவுக்கு ஒரு நாட்டு மரியாதையையே படிப்பித்துவிட்டு வந்திருக்கிறேன், இந்த மனிதர் பேனையை மூடிக்கொண்டே இருக்கிறார்! துண்டை மடித்து எழும்பினேன்.

"இருங்கோ, இருங்கோ. எழுத்தெண்டதால ஞாபகம் வந்தது. என்ர கூடப்பிறந்த தங்கச்சியின்ர மகளுக்கு வாற மாதம் கலியாணம். வாழ்த்துமடல் ஒண்டு எழுதி, கண்ணாடி போட்டுக் குடுக்க வேணும். நீங்கள் எழுதித் தருவீங்களோ? எவ்வளவு எடுப்பீங்கள்?"

என் வாய், அந்தப் பாழாய்ப்போன வாய், சிரித்துக்கொண்டே திறந்தது.

"ஐயோ சேர், இதுக்குப் போய்க் காசு என்னத்து..."

கொய்யா மரத்துக்கு ஒரு குரங்கு வந்தது.

"...காசு என்னத்துக்கு எண்டு ஒரு இளிப்பு! என்ர அடுப்பு சும்மா எரியுமோ? வாயைத் திறந்து கேக்கத் தெரியாதோ?"

விதானையார் கதிரையில் துள்ளினார். குரங்கு ஓடியது. நான் ஓடவில்லை.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு, சேர்."

அவர் என்னைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். ஸ்பீக்கர் இன்னொரு தரம் சொல்லிவிடுமோ என்று பயந்தவர்போல அவசரமாகத் தலையாட்டினார்.

"தாறன், தாறன்."

பிறகு பதிவேட்டை இழுத்து, என் பெயருக்கு நேரே இருந்த "இல்லை" என்பதை அடிமட்டம் வைத்து ஒரே கோடாக வெட்டினார்.

"ஓம் தங்கச்சி, இப்ப இது தொழில்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.